சேவல் எப்படிக் கூவுது? சின்னப் பசங்களுக்கு உலக மொழிகள் சொல்லிக்குடுத்த அனுபவம்

முதல் வருஷம் நான் பண்ண தப்புலருந்தே ஆரம்பிக்கிறேன். ஆரம்பப் பள்ளிப் பசங்களுக்கு உலக மொழிகள், உலகப் பண்பாடுன்னு ஏதாச்சும் சொல்லிக்குடுக்கணும்னு உக்காந்தா முக்காவாசிப் பேருக்கு முதல்ல தோணுறது ஒண்ணுதான், வாரத்துக்கு ஒரு நாடு. எனக்கும் அதான் தோணுச்சு. ஒண்ணாவதுலருந்து நாலாவது வரைக்கும் பசங்க, வாரத்துல ஒரு பீரியட், உங்க இஷ்டம் மிஸ்னு குடுத்துட்டாங்க. நானும் இந்த வாரம் ஜப்பான், அடுத்த வாரம் பிரான்ஸ், அதுக்கடுத்து கென்யான்னு சார்ட் போட்டு, கொடி வரைய வச்சு, தலைநகரம் மனப்பாடம் பண்ண வச்சு, வணக்கத்துக்கு அங்க என்ன சொல்வாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்து, கடைசி பத்து நிமிஷம் மாறுவேஷம் போட்டு விட்டேன்.

அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாரம் வந்தப்ப கலர் பேப்பர்ல இறகு வெட்டி, அட்டைப் பட்டையில ஒட்டி எல்லார் தலையிலயும் கட்டினேன். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, போட்டோல்லாம் எடுத்தோம். முடிஞ்சு கீழ விழுந்த பேப்பரை எல்லாம் பொறுக்கிட்டு இருக்கேன், ரெண்டாவது படிக்கிற ஒரு பையன் கிட்ட வந்து நின்னு, "மிஸ், இவங்க எல்லாம் எப்ப செத்துப்போனாங்க?"ன்னு கேட்டான்.

அவன் விளையாட்டுக்குக் கேக்கல. நான் நடத்தின விதத்துல அப்படித்தான் புரிஞ்சிருக்கும், டைனோசர் பாடம் மாதிரி. அன்னைக்கு ராத்திரி தேடித்தேடிப் படிச்சேன். அந்தப் பெரிய இறகுக் கிரீடம் அமெரிக்காவோட நடுச் சமவெளியில வாழ்ற சில இனங்களோடது மட்டும்தானாம், அதுவும் கண்டவங்க கட்டிக்க முடியாது, ஒவ்வொரு இறகும் அந்த மனுஷன் செஞ்ச ஒரு காரியத்துக்காக ஊர் குடுத்த மரியாதை. நூத்துக்கணக்கான இனம், நூத்துக்கணக்கான மொழி இருக்கிற ஒரு கண்டத்தை நான் ஒரு பேப்பர் தொப்பிக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன், அந்த மக்கள் இன்னைக்கும் உயிரோட இருக்காங்க, வேலைக்குப் போறாங்க, அவங்க பசங்க ஸ்கூலுக்குப் போறாங்கங்கற ஒரு வரியைக்கூட சொல்லல. ரொம்ப வலிச்சுது எனக்கு.

அதோட நாடு நாடாப் போறதை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா எல்லா மனுஷங்களும் பண்ற ஒரு விஷயத்தை எடுத்துக்கிறது, எண்றது, கூப்பிடுறது, மணி பாக்கறது, மிருகங்களோட சத்தத்தைச் சொல்றதுன்னு, அதை ஒரு நாலஞ்சு மொழி எப்படிப் பண்ணுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது. அந்த வரிசையில நம்ம மொழியும் கண்டிப்பா ஒண்ணா நிக்கணும். இல்லன்னா நாம சரியா இருக்கோம், மத்தவங்க எல்லாம் விசித்திரமா இருக்காங்கன்னு பசங்க மனசுல பதிஞ்சிடும், அதுக்கு இந்தப் பாடம் நடத்தாமயே இருக்கலாம்.

இன்னொண்ணும் ஆரம்பத்துலயே தெளிவா இருக்கணும். ஒரு மொழியைக் கத்துக்குடுக்கறது வேற, மொழிகளைப் பத்திக் கத்துக்குடுக்கறது வேற. புள்ள ஒரு மொழியில சரளமாப் பேசணும்னா ஒரே மொழியை எடுத்து, தினமும் மணிக்கணக்கா அதுலயே புழங்க விடணும். கனடாவுல கியூபெக் மாகாணத்துல செயின்ட் லாம்பர்ட்னு ஒரு இடத்துல 1965ல ஆங்கிலம் பேசுற பெற்றோர்கள் போராடி, தங்களோட பசங்களுக்கு மழலையர் வகுப்புலருந்தே முழுக்க பிரெஞ்சுலயே பாடம் நடத்த வச்சாங்க, இன்னைக்கு உலகம் பூரா நடக்கிற அந்த மாதிரி வகுப்புகளுக்கு அதுதான் முன்னோடி. அது அவ்ளோ பெரிய வேலை. வாரத்துக்கு நாப்பது நிமிஷத்துல அது நடக்கவே நடக்காது, நடக்கும்னு பெத்தவங்ககிட்ட சொல்றது ஏமாத்து. ஆனா அந்த நாப்பது நிமிஷத்துல ஒரு புள்ளையோட காதைத் திறந்து விடலாம். புதுசா ஒரு மொழி காதுல விழும்போது பயமோ கேலியோ வராம ஆசை வர்ற மாதிரி பண்ணலாம். நான் பண்றது அதைத்தான்.

சரி, சேவல் கதைக்கு வரேன். ரெண்டாவது வருஷத்தோட முதல் பீரியட். போன்ல சேவல் கூவுற ஒரு ரெக்கார்டிங் போட்டு, வேற எதுவும் சொல்லாம, கேட்டதை அப்படியே எழுதுங்கன்னேன். எல்லாரும் கொக்கரக்கோன்னு எழுதிட்டாங்க. திரும்பப் போட்டேன், உத்துக் கேளுங்க, நெஜமாவே அது கொக்கரக்கோன்னுதான் சொல்லுதா? ஒருத்தன் ஊஊன்னு இழுத்து எழுதினான், ஒருத்தி எழுதவே வரல மிஸ்னு பென்சிலைக் கீழ வச்சுட்டா. அப்ப போர்டுல வரிசையா எழுதினேன். பிரெஞ்சுல கொகொரிகோ, ஜெர்மன்ல கிகெரிகி, ஜப்பான்ல கொக்கெகொக்கோ, இங்கிலீஷ்ல காக்-அ-டூடுல்-டூ. வகுப்பே எந்திரிச்சு நின்னு கூவுது, பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

கூவி முடிச்சதும் எது சரின்னு சண்டை வந்துச்சு, நானும் உடனே பதில் சொல்லல. ஒரு பொண்ணு எந்திரிச்சு, எல்லாத்துலயும் 'க' இருக்கு மிஸ், அப்போ எல்லாரும் ஒரே சேவலைத்தான் கேட்டிருக்காங்க, அவங்கவங்க எழுத்துல எழுதிக்கிட்டாங்கன்னா. எட்டு வயசு. இதைவிட அழகா என்னால விளக்க முடியாதுன்னு அப்படியே விட்டுட்டேன். அதுலருந்து நான் கத்துக்கிட்டது, பதிலை நாம முந்திக்கிட்டுச் சொல்லக்கூடாது, சாமான்களை மேசையில பரப்பி வச்சுட்டுக் காத்திருக்கணும். நானெல்லாம் ஒரு நிமிஷம் அமைதியா இருந்தா வகுப்பு கை நழுவிடும்னு பயப்படுற ஆளு, இதுக்குப் பழகவே எனக்கு ஒரு டேர்ம் ஆச்சு.

அடுத்து பொத்தான். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வகுப்பு. எல்லாரும் சட்டைப் பொத்தானைப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லி ஆரம்பிப்பேன். இந்த வார்த்தை நம்மளோடதா? போர்ச்சுகீஸ்ல 'பொத்தாவ்' மாதிரி வரும், அதுலருந்து வந்தது. கப்பல்ல வந்த வியாபாரிங்க நம்மகிட்ட மட்டும் இல்ல, ஜப்பானுக்கும் போனாங்க, அங்கயும் அந்த வார்த்தையை விட்டுட்டு வந்தாங்க, இன்னைக்கும் ஜப்பான்காரங்க சட்டைப் பொத்தானை 'பொதான்'னுதான் சொல்றாங்க. இதைச் சொன்ன உடனே ஒரு பையன் தன் பொத்தானையே குனிஞ்சு பாத்துட்டு இருந்தான், ஏதோ அதுக்குள்ள கப்பல் இருக்கிற மாதிரி. அப்புறம் வகுப்புக்குள்ளயே வேட்டை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, நாலுமே போர்ச்சுகீஸ் வழியா வந்தது. ஒவ்வொண்ணுலயும் சின்ன சீட்டு ஒட்டினோம். திரும்பி எதிர்ப்பக்கமும் போகணும், நம்மகிட்டருந்து போனது எதுன்னு, கட்டுமரம் இங்கிலீஷ்ல கட்டமரான் ஆன கதையைச் சொன்னா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். வாங்கினதையும் சொல்லணும் குடுத்ததையும் சொல்லணும், ஒரு பக்கம் மட்டும் சொன்னா ஒண்ணு தாழ்வு வரும், இல்ல தலைக்கனம் வரும்.

எண்கள் பக்கம் போனா அது ஒரு கடல், நான் ஒரு மாசமே இதுல ஓட்டிருக்கேன். ஒவ்வொரு குழுவுக்கும் 99 புளியங்கொட்டை குடுப்பேன், கூழாங்கல்லும் ஓகே. முதல்ல நம்ம மாதிரி அடுக்கச் சொல்லுவேன், ஒன்பது பத்து, மீதி ஒன்பது. அப்புறம் பிரெஞ்சு மாதிரி அடுக்குங்கன்னு சொல்லுவேன், அங்க 80ன்னா 'நாலு இருபது', 90ன்னா 'நாலு இருபது பத்து', 99ன்னா 'நாலு இருபது பத்து ஒன்பது'. கொட்டையை இருபது இருபதா நாலு குவியல் போட்டு, பக்கத்துல ஒரு பத்து, அதுக்குப் பக்கத்துல ஒரு ஒன்பது. கையால அடுக்கினா அது கணக்காவே தெரியாது, அவங்க எண்ற விதம் அப்படியே கண்ணு முன்னாடி கிடக்கும். அதே பிரெஞ்சு பேசுற பெல்ஜியத்துல 90க்கு 'நொனாந்த்'னு ஒரே வார்த்தைன்னு சொன்னதும், அப்ப பெல்ஜியம்தான் மிஸ் புத்திசாலின்னு ஒருத்தன் முடிவு பண்ணிட்டான்.

அவனுக்கு நான் பதில் தேடிட்டு இருக்கும்போதே பின் பெஞ்சுலருந்து ஒரு கேள்வி. "மிஸ், நம்மளும் தப்பா இருக்கோம். எழுபது, எண்பது, எல்லாத்துலயும் பது வருது. 90ல மட்டும் ஏன் தொண்ணூறு? நூறு எங்க மிஸ் வந்துச்சு அதுல?" எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இத்தனை வருஷம் தமிழ் பேசுறேன், ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. 900ஐப் பாருங்க, தொள்ளாயிரம், அதுலயும் ஆயிரம் உக்காந்திருக்கு! தெரியல கண்ணா, தேடிட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வீட்டுல வந்து பாத்தா, பழந்தமிழ்ல ஒன்பதுக்கு 'தொண்டு'ன்னே ஒரு பேர் இருந்திருக்கு, அந்தத் தொண்டுதான் நூறோடயும் ஆயிரத்தோடயும் சேந்து இப்படி நிக்குதுன்னு சொல்றாங்க. மறுநாள் சொன்னேன், அந்தப் பையன் அன்னைக்கு முழுக்க தொண்டு தொண்டுன்னு சொல்லிட்டே திரிஞ்சான். பிரெஞ்சு எண்ணு சொல்லிக்குடுக்கப் போயி தமிழ் எண்ணு கிடைச்சுது. அடுத்த மொழியைப் பாத்தா நம்ம மொழி கண்ணுல படுதுங்கறதை எனக்குக் காட்டினது அந்தக் குட்டிதான். இன்னொண்ணு, தெரியலன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. பசங்க முன்னாடி நம்ம மரியாதை ஒண்ணும் குறையாது, அவங்க கேள்வியை நாம ராத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போனோம்னு தெரிஞ்சா அவங்களுக்கு அவ்ளோ பெருமை.

கொரிய எழுத்து நடத்துறதுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடி வேணும், மூணு பேருக்கு ஒண்ணு இருந்தாலும் போதும். செஜோங்னு ஒரு ராஜா, சீன எழுத்துல படிக்க முடியாம ஜனங்க கஷ்டப்படுறாங்கன்னு பாத்து 1443ல புது எழுத்து உருவாக்கி 1446ல வெளியிட்டார். அதுல மெய்யெழுத்தோட வடிவமே வாய்க்குள்ள நடக்கிறதைப் பாத்து வரைஞ்சது. நான் வடிவத்தை முதல்ல காட்டவே மாட்டேன். கண்ணாடியைப் பாத்து 'ந்' சொல்லுங்க, அப்படியே நில்லுங்க, நாக்கு நுனி எங்க இருக்கு? மேல பல்லுக்குப் பின்னாடி. அதைப் பக்கவாட்டுல பாத்தா எப்படி இருக்கும்னு வரைங்கன்னு சொல்லுவேன். பாதிப் பேர் கிட்டத்தட்ட நம்ம 'ட' மாதிரி ஒண்ணு வரைஞ்சுடுவாங்க, அதுதான் கொரிய 'ந'! 'ம்' சொன்னா வாய் மூடுது, வாய் ஒரு கட்டம், அந்தக் கட்டம்தான் 'ம'. ஒரு ராஜா பண்ண வேலையை ஆறு வயசுப் புள்ள கண்ணாடி பாத்தே கண்டுபிடிக்குது பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். கண்ணாடியைத் திரும்பி வாங்கறதுக்குத்தான் பெரும்பாடு.

உடம்பை விட்டுட்டு இந்த வயசுல ஒண்ணும் நடக்காது. ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960கள்லயே இதைச் சொல்லிட்டார், கட்டளையைக் கேட்டு உடம்பால செஞ்சு காட்டியே மொழி கத்துக்கலாம், பேச அவசரப்படுத்த வேணாம்னு. நான் எழுந்திரு, உக்காரு, கதவைத் தொடு, சுத்துன்னு நாலே நாலு கட்டளையை வச்சு ஒரு மொழிக்கு ஒரு வாரம் விளையாடுவேன். வாயே திறக்காத புள்ளைங்ககூட இதுல கலந்துக்கும். சீன மாண்டரின்ல 'மா'ங்கற ஒரே சத்தம் மட்டமா நீட்டிச் சொன்னா அம்மா, கீழருந்து மேல ஏத்தினா சணல், இறக்கி ஏத்தினா குதிரை, மேலருந்து வெட்டின மாதிரி இறக்கினா திட்டறது. இதை வாயால சொல்லி முடியாது, கையைக் காத்துல அந்தக் கோட்டுல இழுத்துக்கிட்டே சொல்லணும், கை போற வழியில குரல் தானா போகும். மாமான்னு ஞாபகம் வருது, ஜார்ஜிய மொழியில 'மாமா'ன்னா அப்பா, 'தெதா'தான் அம்மா. இதைச் சொன்னா அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு வகுப்பு நம்ம கையில இருக்காது, அதனால பீரியட் கடைசியில சொல்லுங்க.

மணி பாக்கறதும் நல்லாப் போகும். சுவாஹிலி பேசறவங்க பொழுது விடியறதுலருந்து எண்ணுவாங்க, நம்ம காலைல ஏழு மணி அவங்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. பூமத்திய ரேகைப் பக்கம் வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே நேரத்துல விடியறதால அது அவ்ளோ வசதி. ஒரு அட்டைக் கடிகாரம் செஞ்சு, ஸ்கூல் மணி அடிக்கிற ஒன்பது அங்க எத்தனைன்னு கேட்டா மூணுன்னு கத்துவாங்க.

சிரிப்புப் பிரச்சினை பத்தி சொல்லியே ஆகணும். புது சத்தம் காதுல விழுந்தா புள்ளைங்க சிரிக்கும், அது இயல்பு. நான் முதல்ல சிரிக்காதீங்கன்னு அதட்டினேன். அதட்டினா சிரிப்பு மேசைக்கு அடியில போயிடும், அங்க அது கேலியா மாறும். தென்னாப்பிரிக்காவுல கோசான்னு ஒரு மொழி, நெல்சன் மண்டேலாவோட தாய்மொழி, அதுல நாக்கால சொடுக்குற சத்தமெல்லாம் மெய்யெழுத்து. ரெக்கார்டிங் போட்டதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்குது. அப்ப கேட்டேன், யாராச்சும் கீழ விழுந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டா உங்க பாட்டி என்ன சத்தம் போடுவாங்க? எல்லாரும் உச்சுக்கொட்டினாங்க. அதேதான்டா அது! மாட்டையோ குதிரையையோ ஓட்டறவங்க கன்னத்தோரமா நாக்கை இழுத்து ஒரு சத்தம் போடுவாங்கல்ல, அதுவும் அவங்களுக்கு ஒரு எழுத்து. நம்ம வாய்லயும் அந்தச் சத்தம் எல்லாம் இருக்கு, நாம வார்த்தைக்குள்ள போடல, அவங்க போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வழக்கம் வச்சேன், சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, ஆனா சிரிச்சவங்க அந்தச் சத்தத்தை மூணு தடவை சரியாச் சொல்லிக் காட்டணும். ரெண்டாவது தடவையிலயே சிரிப்பு போய் முகத்துல கவனம் வந்துடும். நம்ம 'ழ'வை முதல் முறையாக் கேக்கறவங்க எப்படி முழிப்பாங்கன்னும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன்.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். மூணாவதுல ஒரு பொண்ணு, ரொம்ப அமைதி. அவ வீட்டுல வேற மொழி பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். இவ்ளோ ஆர்வமாப் போயிட்டு இருக்கே, அவளுக்கும் பெருமையா இருக்கட்டும்னு நெனச்சு, ஒரு நாள் திடீர்னு, "எழுந்திரும்மா, உங்க மொழியில ஏதாச்சும் பேசிக் காட்டு"ன்னேன். எல்லாரும் அவளைத் திரும்பிப் பாத்தாங்க. அவ எழுந்து நின்னா, பெஞ்சு விளிம்பை நகத்தால சுரண்டிட்டே நின்னா. அப்புறம் மெதுவா, "அது மொழி இல்ல மிஸ். அதுக்கு எழுத்தே கிடையாது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. யாரோ அவகிட்ட அப்படிச் சொல்லிருக்காங்க. நான் பதறிப்போய் ஏதேதோ சொன்னேன், ஒண்ணும் அவ காதுல ஏறல. ரெண்டு வாரம் அவ என்னை நிமிந்தே பாக்கல.

ஆசையா பண்ணாலும் அது காட்சிப்பொருளாக்குறதுதான். எந்தப் புள்ளையும் தன்னோட இனத்துக்கோ மொழிக்கோ தூதர் ஆகணும்னு வகுப்புக்கு வர்றதில்ல, எட்டு வயசுல எல்லாரும் கூட்டத்தோட கூட்டமா இருக்கத்தான் விரும்புவாங்க. இப்ப நான் பண்றது, வருஷ ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரு காகிதத்துல ஒரு மனுஷ உருவம் வரைஞ்சு குடுத்துடறது. உங்களுக்குத் தெரிஞ்ச, காதுல விழற, பிடிச்ச மொழி எல்லாத்துக்கும் ஒவ்வொரு கலர் குடுத்து உடம்புல எங்க வேணா அடிங்கன்னு சொல்லுவேன். தாத்தாவோட மொழி, டிவியில கேக்குற மொழி, சாமி கும்பிடுற மொழி, ஜாடை பேசுறது, எல்லாம் வரலாம். காட்டணும்னா காட்டலாம், மடிச்சு வச்சுக்கணும்னா மடிச்சு வச்சுக்கலாம். ஒரே ஒரு மொழிதான் தெரியும்னு நாம நெனைக்கிற புள்ளையோட உருவத்துலயே மூணு கலர் இருக்கும். நெஞ்சுல எந்தக் கலர் அடிக்குதுன்னு மட்டும் நான் மனசுல வச்சுக்குவேன்.

ஜாடைன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், சைகை மொழியை விட்டுடாதீங்க. உலகம் பூரா ஒரே சைகை மொழின்னுதான் நெறைய டீச்சர்ஸே நெனைக்கிறாங்க, 300க்கும் மேல இருக்கு. அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் பேசுறது ஒரே இங்கிலீஷ், ஆனா ரெண்டு ஊர் சைகை மொழியும் வேற வேற, அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொந்தம் பிரெஞ்சுச் சைகை மொழிதான்.

பண்பாடு பத்தி என் விதி ஒண்ணே ஒண்ணு, இன்னைக்குக் காலைலருந்து ஆரம்பிக்கணும். திருவிழா, உடுப்பு, நடனம் இதெல்லாம் கடைசியில வரட்டும். முதல்ல அந்த ஊர்ல உன் வயசுப் புள்ள காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவா, ஸ்கூலுக்கு எப்படிப் போவா, வகுப்பறையை யார் கூட்டுவாங்க. ஜப்பான்ல பெரும்பாலான ஸ்கூல்ல பசங்களே கூட்டித் துடைக்கிறாங்கன்னு சொன்னா அது பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க. படம் காட்டும்போது ஒரு நாட்டுக்கு ஒரே படம் காட்டாதீங்க, குறைஞ்சது மூணு, ஒண்ணு நகரம், ஒண்ணு கிராமம், ஒண்ணு ஒரு வீட்டுக்குள்ள. அந்த மொழி பேசுற யாராச்சும் வந்தாங்கன்னா உங்க நாட்டைப் பத்திச் சொல்லுங்கன்னு கேக்காம, சின்ன வயசுல உங்களை வீட்டுல எப்படித் திட்டுவாங்கன்னு கேக்க விடுங்க, அந்தப் பேச்சு எங்கயோ போகும்.

பெத்தவங்க கேக்குற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், குழந்தைக்குக் குழப்பம் ஆயிடாதா மேடம்? உலகத்துல கோடிக்கணக்கான புள்ளைங்க ரெண்டு மூணு மொழிக்கு நடுவுலதான் வளருது, சின்ன வயசுல ஒரே வாக்கியத்துல ரெண்டு மொழியைக் கலக்கும், அது குழப்பம் இல்ல, கையில கிடைக்கிறதை வச்சு வேலையை முடிக்கிற சாமர்த்தியம். அவங்களை நான் ஒரு நாள் வகுப்புல வந்து உக்காரச் சொல்லிடுவேன், புளியங்கொட்டை வகுப்பு அன்னைக்கு.

நேரம் பத்தி ஒரு வார்த்தை. நாப்பது நிமிஷம் ஒரே மூச்சா வேணாம், இருபது இருபதா ரெண்டு நாள் கேட்டு வாங்குங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மாசத்துக்கு ஒரு மொழியில பதில் சொல்ல வைங்க, அதுக்குத் தனி நேரமே வேணாம். உச்சரிப்பு உங்களுக்கே சந்தேகம்னா நீங்க சொல்லிக் காட்டாதீங்க, அந்த மொழி பேசறவங்க குரலைப் போட்டுட்டு நீங்களும் பசங்களோட சேந்து சொல்லிப் பாருங்க. பரீட்சை மட்டும் வைக்கவே வைக்காதீங்க. ஆளுக்கு ஒரு நோட்டு, அன்னைக்குப் பிடிச்ச ஒரு வார்த்தை, ஒரு படம், அவ்ளோதான். அப்புறம் வகுப்புல இருக்கிற ஒவ்வொரு புள்ளையோட பேரையும் அவங்க வீட்டுல கூப்பிடுற மாதிரியே கூப்பிடக் கத்துக்கோங்க. உலக மொழி அங்கருந்துதான் ஆரம்பிக்குது.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வரேன். அவகிட்ட நேரா எதுவும் பேசல. ஒரு மாசம் கழிச்சு மொத்த வகுப்புக்கும் ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவுல செரோக்கின்னு ஒரு இனம், அதுல செக்கோயான்னு ஒருத்தர், வெள்ளி வேலை செய்ற ஆசாரி. அவங்க மொழிக்கு அப்ப எழுத்து கிடையாது. வெள்ளைக்காரங்க பேப்பர்ல பேசிக்கிறதைப் பாத்துட்டு, அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா நம்ம மொழிக்கும் இதைப் பண்ண முடியும்னு உக்காந்துட்டார். வருஷக்கணக்கா அதே வேலை. ஊர்ல பைத்தியம்னு சொன்னாங்க. கடைசியில தன் மொழியில வர்ற ஒவ்வொரு அசைக்கும் ஒரு எழுத்துன்னு 86 எழுத்து, 1821ல முடிச்சார். முதல்ல யாருக்குக் கத்துக்குடுத்தார் தெரியுமா, தன் சின்ன மகளுக்கு, ஆறு வயசுன்னு சொல்றாங்க. பெரியவங்க நம்பல. மகளைத் தள்ளி நிக்க வச்சுட்டு, அவங்க சொன்னதை இவர் எழுதி வச்சார், அந்தக் குட்டிப் பொண்ணு வந்து அதை அப்படியே படிச்சுக் காட்டினா. 1828ல அந்த எழுத்துல பத்திரிகையே வந்துச்சு.

அந்த இறகுக் கேள்வி கேட்ட பையன், இப்ப அவனும் மூணாவது, உடனே கையைத் தூக்கினான். இவங்க இப்பவும் இருக்காங்களா மிஸ்? இருக்காங்கடா, போன்லயே அந்த எழுத்துல டைப் பண்றாங்கன்னு காட்டினேன். செக்கோயாவோட பிரபலமான படத்தையும் காட்டினேன், தலையில துணித் தலைப்பாகைதான், இறகுக் கிரீடம் இல்ல. எழுத்து வர்றதுக்கு முன்னாடி செரோக்கி மொழியா இல்லையான்னு மட்டும் கேட்டேன். மொழிதான்னு எல்லாரும் கத்தினாங்க. இன்னைக்கும் உலகத்துல இருக்கிற 7,000 சொச்சம் மொழியில ஆயிரக்கணக்கான மொழிக்குத் தனக்குன்னு எழுத்து கிடையாதுன்னு சொல்லிட்டு நிறுத்திக்கிட்டேன். அவ பக்கம் நான் பாக்கவே இல்ல, வேணும்னே.

மூணு நாள் கழிச்சு நோட்டு திருத்த வாங்கினேன். அவ நோட்டுல அன்னைக்கு வார்த்தைக்குப் பதிலா ஒரு முழுப் பக்கம். அவங்க வீட்டு வார்த்தைகள், நம்ம எழுத்துலயே எழுதிருந்தா. ஒரே ஒரு வார்த்தையில மட்டும் 'க' மாதிரி ஒண்ணு, கீழ வால் சுருண்டு உள்ள போகுது, பக்கத்துல ஒரு புள்ளி. இது என்னம்மான்னு கேட்டேன். "நம்ம எழுத்துல இந்தச் சத்தம் இல்ல மிஸ், அதான் நானே போட்டேன். எங்க பாட்டி என்னைக் கூப்பிடுற பேர்ல வரும்"னா. சொல்லிக் காட்டினா. நான் சொல்லிப் பாத்தேன், சரியா வரல.

பக்கத்துல நின்ன பையனுக்கும் வரல. அவ கொரிய எழுத்து வகுப்புக் கண்ணாடியை அலமாரியிலருந்து எடுத்துட்டு வந்து அவன் முகத்துக்கு நேரா பிடிச்சு, தன் வாயை நல்லா திறந்து காட்டி, "இன்னும் உள்ள, நாக்கோட அடிப்பக்கம், தொண்டைகிட்ட"ன்னு சொல்லிக்குடுத்துட்டு இருந்தா. இன்டர்வெல் மணி அடிச்சும் ரெண்டு பேரும் வெளிய போகல.